நிறை, எடை, நிகர்



மார்சிலிங்கில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் எதிர்வீட்டு இளைஞர், இரண்டு மீட்டர் இறக்கை விரிவுள்ள மாதிரி வானூர்தி ஒன்றைக் கட்டினார். ஒரு மாலை, அதன் நிகர் பார்க்க நம்மைத் துணைக்கு அழைத்தார். சிறிய மாதிரியாயின் இறக்கையின் அடியில் இரு விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்துவிடலாம். ஆறு கிலோகிராம் ஊர்தியை அவ்வாறு தூக்கினால் கையும் நடுங்கும், இறக்கையும் நோகும்.

அவர் மூன்று சமையலறைத் தராசுகளை ஒட்டுப்பலகைத் துண்டுகளின்மேல் ஒரே உயரத்தில் வைத்தார். ஒரு லிட்டர் நீரைப் புட்டியில் ஊற்றி, வெறும் புட்டியின் எடையைக் கழித்து, மூன்று தராசும் ஒரு கிலோகிராம் காட்டுகின்றனவா எனச் சோதித்தார். பிறகு ஊர்தியின் மூன்று சக்கரங்களையும் அவற்றின்மேல் நிறுத்தி, கொத்தனார் கையாளும் ரசமட்டத்தால் உடலைக் கிடைமட்டமாக்கினார். மூக்குச் சக்கரத்தின்கீழ் 0.9 கிலோகிராம், பின்னிரு சக்கரங்களின்கீழ் 2.55 வீதம் 5.1, மொத்தம் 6. மூக்குச் சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடைத்தொலைவு 60 சென்டிமீட்டர். 0.9ஐ 60ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 9. ஆகவே ஈர்ப்பு மையம் பின்சக்கரங்களுக்கு 9 சென்டிமீட்டர் முன்னே உள்ளது.

வழக்கமான அமைப்புடைய ஊர்திகளில் இம்மையம் பெரும்பாலும் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் சராசரி அகலத்தில் நான்கிலொரு பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையே அமைதல் வேண்டும். மிக முன்னே சென்றால் மூக்கு எழ மறுக்கும். மிகப் பின்னே சென்றால் ஊர்தி கட்டுக்கு அடங்காது. 600 கிராம் மின்கலத்தை 5 சென்டிமீட்டர் நகர்த்தினால் மையம் அரை சென்டிமீட்டர் நகரும். புதிய எடை சேர்க்காமலே நிகர் காணும் வழி இது. எடைக்குச் சட்டக் கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்தியைப் பதிவு செய்தல் வேண்டும், 1.5 கிலோகிராமைத் தாண்டினால் பயிற்சிச் சான்றிதழும், 7 கிலோகிராமைத் தாண்டினால் விமானி உரிமமும் தேவை.

யாழ்ப்பாணத்தில் பயின்றவரான இளைஞரின் பாட்டியார் அருகில் வந்து, என்ன செய்கிறீர்கள் என வினவினார். ஆங்கிலத்தில் அறிவியல் பயின்ற பேரர் தமிழில் விடை கூற இயலாது நம்மைப் பார்த்தார். "நிறை என்பது பொருளின் அளவு, எடை என்பது அதைப் புவி இழுக்கும் விசை" எனத் தொடங்கினோம். பாட்டியார் இடைமறித்தார்: "இல்லை ஐயா, நாங்கள் படிக்கேக்க அதைத் திணிவு எண்டுதான் சொன்னவை. நிறை எண்டால் புவி இழுக்கிறது."

தமிழியலில் முனைவர் பட்டம் பெற்ற நாம் வாயடைத்து நின்றோம். அவர் கூற்றில் பிழையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறையும் எடையும். இலங்கைப் பாடநூலில் திணிவும் நிறையும். ஒரே சொல் கடலின் இருபுறமும் இருவேறு பொருள் தாங்குகிறது. நிறு என்னும் வினையடியாகப் பிறந்தது நிறை. எடு என்பதன் அடியாகப் பிறந்தது எடை. இரண்டும் தூக்கிப் பார்க்கும் கையிலிருந்து வந்தவையே. ஆயினும் இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருங்கே அமரும் சிங்கப்பூர் வகுப்பில், எப்பொருளில் ஆள்கிறோம் என முன்னரே உரைப்பது ஆசிரியர் கடன்.

பாட்டியாருக்கு விளங்க வைத்தது வெள்ளிக்கோல். ஒரு தட்டும் வரையிட்ட கோலும் உடைய அப்பழங்கருவி, தொலைவைக் கொண்டே எடை அறிந்தது. "அந்தக் கணக்குத்தானே இது!" என்றார் அவர். பேரர் அச்சொல்லைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கியதை வகுப்பில் ஓதுகிறோம். அன்றே ஓர் அளவுகோலையும் ஒரு புட்டி நீரையும் மேசைமேல் வைத்து நிகர் பார்க்கச் சொல்லுங்கள். கை செய்வதை வாய் தமிழில் சொல்லட்டும். பேரரும் பாட்டியாரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று பேசிக்கொள்ள அதுவே வழி.