ஆளுதலும் வௌவுதலும்



உரிமையில்லாதவன் அரசைக் கைப்பற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'யூசர்ப்' என்பர். அழகிய தமிழில் வௌவுதல் எனலாம். இச்சொல் 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. இதன் தாய்ச்சொல் 'உசுர்பாரே' என்னும் இலத்தீன் சொல். பயன்பாடு என்னும் பொருளுடைய 'உசுஸ்', பற்றுதல் என்னும் பொருளுடைய 'ராப்பெரே' ஆகிய இரண்டும் இணைந்து அச்சொல் பிறந்தது என்று அறிஞர் கருதுவர். தொடக்கத்தில் அதற்குப் பயன்படுத்துதல் என்னும் பொருளே இருந்தது. இழிபொருள் பின்னர் ஏறியது.

பயன்படுத்துதற்கும் பறித்தற்கும் என்ன உறவு? நம் தமிழே விடை தருகின்றது. 'ஆள்' என்னும் வினைக்கு அரசு செலுத்துதல் என்பதும் பொருள். பயன்படுத்துதல் என்பதும் பொருள். ஆட்சி, கையாளுதல், எடுத்தாளுதல் ஆகிய யாவும் ஒரே வேரில் கிளைத்தவை. நிலப் பத்திரங்களிலும் 'ஆண்டு அனுபவித்து' என்றே எழுதுகின்றோம். பயன்படுத்தக் கொடுத்ததைத் தனதென்று கொள்வதே வௌவுதலின் தொடக்கம்.

மதுரை வரலாற்றைக் காண்போம். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சோழனிடம் நாட்டை இழந்த பாண்டியனுக்கு உதவுமாறு விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் நாகம நாயக்கரை அனுப்பினார் என்று மரபு வரலாறு கூறும். நாகமர் மதுரையை மீட்டார். ஆயினும் உரியவனிடம் ஒப்படைக்கவில்லை. அவரை அடக்கிப் பேரரசர்முன் கொணர்ந்தவர் அவருடைய மைந்தரான விசுவநாதரே. ஆனால் முடிவில் மதுரை பாண்டியனுக்கு நிலைக்கவில்லை; விசுவநாதர் வழியினர்க்கே உரியதாயிற்று.

அம்மரபின் இறுதியிலும் அதே கதை திரும்பியது. 1732இல் விசயரங்க சொக்கநாதர் மறைந்தபின் அரசி மீனாட்சி திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்டார். பங்காரு திருமலை அரசுரிமை கோரி எதிர்த்தார். அரசி, ஆர்க்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிபின் துணையை நாடினார். துரோகம் செய்வதில்லை என்று அவர் ஆணையிட்டதாகக் கூறுவர். 1736ஆம் ஆண்டளவில் அரசோ அவர் கைக்குச் சென்றது. 1741இல் மராட்டியர் அவரையும் சிறைப்பிடித்தனர்.

இவ்விருவரும் பகைவராகக் கோட்டையை உடைத்து நுழைந்தவரல்லர், துணைவராக வந்தவர்கள். ஆதலின், ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போதே அதன் எல்லையையும் காலத்தையும் வரையறுத்தல் வேண்டும். அவ்வெல்லை மீறப்படும் முதல் நாளிலேயே கேள்வி கேட்டல் வேண்டும். சங்கத்தின் பொருளாளர் பதவியாயினும், நாட்டின் ஆட்சியாயினும், நம்மிடம் வந்தது ஆளுதற்கேயன்றி உடைமையாக்குதற்கு அன்று என்பதை நெஞ்சில் நிறுத்துவோமாக.