உலை வாங்குமுன் எரிபொருள் அறிக!

(மரக்காணம் உப்பளக் கடற்கரையில் உப்புத் தொழிலாளரும் இளைஞரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

வெயிலை விளைச்சலாக்கும் உப்பளப் பெருமக்களே!

மரக்காணத்துக்கு உலை புதிதன்று. இவ்வூரின் தலைக்குமேல் நாள்தோறும் ஓர் உலை எரிகின்றது. அதற்கு விறகு வேண்டா, கரி வேண்டா, அயல்நாட்டுக் கடன் வேண்டா. கதிரவன் என்னும் அவ்வுலையை நம்பியே இங்குள்ள தமிழன் பாத்தி கட்டி, உவர்நீர் தேக்கி, படிப்படியாகக் காயவிட்டு உப்பு எடுக்கின்றான். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அளம், பாத்தி, உமணர் என்னும் சொற்களெல்லாம் இத்தொழிலின் தொன்மையைச் சொல்லும் சான்றுகள்.

இங்கிலாந்தின் செசயர் வட்டாரத்திலோ, செருமனியின் இலூனபர்க்கு நகரிலோ நிலைமை வேறு. அங்கே உப்புநீரைப் பெருந்தட்டங்களில் ஊற்றி, அடியில் தீமூட்டிக் காய்ச்சியே உப்பெடுத்தனர். வெயில் குறைந்த நாட்டுக்கு அதுவே தக்க முறை. ஆனால் வெள்ளையன் காய்ச்சினான் என்பதற்காக மரக்காணத்தானும் கரி வாங்கி உப்பு காய்ச்சியிருந்தால் ஊர் நகைத்திருக்கும் அன்றோ? ஒரு தொழில்நுட்பம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது பின்னர் எழ வேண்டிய வினா. அஃது எந்த நிலத்துக்கு, எந்தப் பொருளுக்கு என்பதே முதல் வினா. இன்று தமிழகத்தின் நகர்களுக்குக் குப்பை எரியுலைகளைப் பரிந்துரைப்போர் விடைசொல்ல வேண்டிய வினாவும் அதுவே.

எரியுலையின் உயிர்நிலை அதன் புகைபோக்கியன்று. எரிபொருளைத் தாங்கி, அடியிலிருந்து காற்றூட்டி, சாம்பலைக் கீழே விடும் இரும்புத் தட்டே. இதனைப் பலர் கிராதி என்பர். அச்சொல் போர்த்துகீசியர் வழியாக வந்தது. ஆனால் தமிழில் அழி என்னும் சொல் முன்பே உண்டு. நெல்லை, குமரிப் பகுதிகளில் கம்பிக் கதவை அழிக்கதவு என்பர். மலையாளத்திலும் பலகணிக் கம்பிக்கு அழி என்றே பெயர். ஆகவே உலையின் இக்கம்பித்தட்டை அழித்தட்டு என்க. சொல் கைக்கு வந்தால் பொருளும் கைக்கு வரும்.

அழித்தட்டு பெரும்புதிரன்று. வீட்டுக் கும்மட்டி அடுப்பில் கரியைத் தாங்கும் துளைத்தட்டே அதன் சிற்றுரு. அடியில் விசிறினால் கரி கனல்கின்றது. சாம்பல் அடைத்தால் தீ அவிகின்றது. பெரிய உலைகளிலும் இதே நெறிதான். மாறுவது எரிபொருளே, எரிபொருள் மாற, தட்டும் மாறும். நல்ல நிலக்கரிக்கு மிதிவண்டித் தொடரிபோல் மெல்ல நகரும் தொடரித்தட்டு ஏற்றது. இங்கிலாந்தில் 1841-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றனர். அரிசி ஆலைகளில் உமி எரிவதற்குப் படிப்படியாகச் சரியும் படித்தட்டு வைத்தனர். ஏன்? உமி நுண்ணியது; கம்பி இடுக்கில் கொட்டிவிடும். அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே எஞ்சும். படியில் சரிந்து எரிந்தால் சாம்பல் தானே கீழிறங்கும். கரும்பாலைகளில் சக்கையை எரிக்கத் தனித் தட்டுகள் உண்டு. சக்கையின் எடையில் பாதி நீர் என்பதை அறிந்தே அவற்றை வடித்தனர்.

இம்மரக்காணத்துக்குத் தெற்கே நெய்வேலியை எண்ணுங்கள். அங்குள்ள பழுப்பு நிலக்கரியிலும் ஏறத்தாழப் பாதி நீரே. 1962-இல் சோவியத்து நாட்டுத் துணையுடன் அங்கே முதல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அவ்வுலையில் தட்டில்லை, கரியைத் தூளாக்கி ஊதி எரித்தனர். உலையிலிருந்தே சூடான வளியை இழுத்து, அரைக்கும்போதே கரியை உலர்த்தும் அமைப்பு அதிலிருந்தது. 600 மெகாவாட்டு ஆற்றலுடைய அந்நிலையம் 2020-இல் மூடப்படும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. எரிபொருளின் ஈரத்தை அறிந்து உலையை வடித்ததே அதன் வெற்றிக்குக் கரணியம்.

இனிக் குப்பைக்கு வருவோர் இதே அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும். குப்பையை எரிக்கும் பொதுவுலை 1874-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் தோன்றியது. அக்காலத்து இங்கிலாந்துக் குப்பையில் அடுப்புக் கரித்துண்டுகள் மிகுதி. ஆகவே தானே எரிந்தது. 1925-இல் செருமானியர் மார்ட்டின் என்பார், சரிவான தட்டின் கம்பிகள் மேல்நோக்கி உந்தும் அமைப்பைக் கண்டார். கீழ்நோக்கிச் சரியும் குப்பையை அது மீண்டும் மேலே தள்ளும். எரியும் கனல் புதுக்குப்பைக்கு அடியில் சென்று அதனைப் பற்றவைக்கும். வேறு சிலர் உருளைகளை வரிசையாகச் சாய்த்து அமைத்தனர். இவையெல்லாம் அறிவின் ஆக்கங்களே. இழித்துரைக்கத் தக்கன அல்ல. ஆனால் எத்தட்டாயினும் அதன்மேல் குப்பை முதலில் உலர வேண்டும்; பின்னர்ப் பற்ற வேண்டும்; பின்னர் எரிந்து தீர வேண்டும். தட்டின் நீளம் முழுதையும் உலர்த்துவதற்கே செலவிட்டால் எரிவதற்கு இடமேது?

கணக்கை நீங்களே போடலாம். ஒரு கிலோ நீரை 30 பாகைச் சூட்டிலிருந்து கொதிக்கவிட்டு முழுதும் ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோகலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ குப்பையில் அரைக் கிலோ நீரிருந்தால், அந்நீரை ஓட்டவே 300 கிலோகலோரிக்கு மேல் போய்விடும். எனவேதான் எரியுலைக்குச் செல்லும் குப்பையின் வெப்பம் எப்பருவத்திலும் கிலோவுக்கு ஏறத்தாழ 1,430 கிலோகலோரிக்குக் கீழே இறங்கலாகாது என்று உலக வங்கியின் வழிகாட்டி நூலே எச்சரித்தது. எப்பருவத்திலும் என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள்! ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் ஓய்வெடுக்கும். நனைந்த பாத்தியில் உப்பு விளையாது என்பதை இவ்வூர்ச் சிறுவனும் அறிவான். எரியுலையோ மழையிலும் ஓய முடியாது. நனைந்த குப்பைக்கு எண்ணெயூற்றி எரிக்க வேண்டும். அவ்வெண்ணெய்க்கு மக்கள் வரிப்பணம் செலவாகும்.

இவ்வறிவைப் புறக்கணித்ததன் விளைவைத் தில்லி கண்டது. 1987-இல் தில்லியின் திமார்ப்பூரில் தென்மார்க்கு நாட்டு நுட்பத்துடன், நாளொன்றுக்கு 300 டன் குப்பையெரித்து மின் விளைக்கும் உலையை நடுவண் அரசு நிறுவியது. கிலோவுக்கு 1,400 கிலோகலோரிக்கு மேற்பட்ட குப்பையை எண்ணி அதனை வடித்திருந்தனர். வந்ததோ 600, 700 அளவேயுள்ள ஈரமும் மண்ணும் கலந்த குப்பை! சில கிழமைகளே ஓடி, அவ்வுலை நின்றது. தென்மார்க்கு நாட்டில் எரிந்த தட்டு தில்லியில் எரியவில்லை. தட்டின் மீது குற்றமில்லை. எரிபொருள் அறியாமல் உலை வாங்கிய அறிவின் மீதே குற்றம்.

இவ்வளவு கண்டபின்னும் படிப்பினை ஏறியதா? வடசென்னையின் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரிக்கும் உலைக்குச் சென்னை மாநகராட்சி திட்டமிட்டது. அனல்மின் நிலையங்களும் எண்ணெய் ஆலைகளும் சூழ்ந்து முன்னரே மூச்சுத் திணறும் பகுதி அது. 2025-இல் அங்குள்ள குடியிருப்போர் சாலையில் கைகோத்து நின்று எதிர்த்தனர். அவர்கள் அறிவியலின் பகைவர் அல்லர். தங்கள் நுரையீரலைக் காக்க எழுந்தோர்.

உப்புத் தொழிலாளருக்கு மட்டுமே உடனே விளங்கக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. உப்பு இரும்பைத் தின்னும்! அளத்தில் விட்ட மண்வெட்டியின் நிலை என்னாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமையற் கழிவிலும், கடல்நீரில் ஊறிய வலையிலும், சிலவகை நெகிழியிலும் குளோரின் உண்டு. தீயில் அது நச்சு அமில வளியாகி, கொதிகலக் குழாய்களைச் சூட்டோடு அரிக்கின்றது. இதற்கு அஞ்சியே குப்பை உலைகளில் நீராவியின் சூட்டை ஏறத்தாழ 400 பாகையில் அடக்கி வைப்பர். அதனால் கிடைக்கும் மின்னாற்றலும் குறைகின்றது. இன்னும் கொடியது டயாக்சின் என்னும் நஞ்சு. அதனைச் சிதைக்க 850 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் புகையை இரண்டு நொடியேனும் நிறுத்த வேண்டும். பின்னர்ப் புகை குளிரும் வழியில், 400 பாகையிலிருந்து 250 பாகைக்குள், அந்நஞ்சு மீண்டும் உருவாகும். ஆதலின் விரைந்து குளிர்வித்து வடிகட்ட வேண்டும். ஈரக்குப்பை தீயைத் தணிக்குமாயின் இக்கட்டு முழுதும் தளரும். எஞ்சுவது சாம்பல். அதிலும் வடிகட்டியில் பிடிபடும் நுண்சாம்பல் நஞ்சுச் சுமை. அதனை எந்த ஊரின் தலையில் கொட்டுவது? ஏழை வாழும் ஊரில்தான் என்பதை வரலாறு காட்டும்.

ஆகவே குப்பையைத் தெருவில் விட்டுவிடலாமா? ஆகாது. நீரை நீராக விடுவதும் உப்பை உப்பாகப் பிரிப்பதுமே அளத்தின் கலை. அதே கலை குப்பைக்கும் வேண்டும். வீட்டு வாயிலிலேயே ஈரக்கழிவைப் பிரித்தால் அஃது எருவாகும்; எரிவளியாகும். தாளும் மாழையும் கண்ணாடியும் மீண்டும் பொருளாகும். இத்தனையும் பிரித்தபின் எஞ்சும் சிறுபங்குக்கு எத்தகைய உலை, எத்தகைய தட்டு என்று அப்போது வினவலாம்.

இதில் மொழிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பர். வேலை இருக்கின்றது, முதல் வேலையே அதற்குத்தான். 2020-இல் சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான வரைவை நடுவண் அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்க்குமாறு தில்லி உயர் முறைமன்றம் ஆணையிட்டது. அரசோ பெயர்த்துத் தருவதை விட்டு, அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றம் ஏறியது! ஓர் ஊரின் காற்றையும் நீரையும் மாற்றும் திட்டத்தை அவ்வூரார் தம் மொழியில் படிக்கலாகாதா? படிக்க முடியாதவன் வினவ முடியாது. வினவ முடியாதவன் தடுக்க முடியாது. தமிழில் அறிவியல் வேண்டும் என்பது அணிகலன் கேட்பதன்று, மூச்சுக்காற்றைக் கேட்பது.

எனவே, எந்த ஊரில் எவர் எரியுலை கொணர்ந்தாலும் மூன்று வினாக்களைத் தமிழில் எழுப்புங்கள். மழைக்காலத்தில் இவ்வூர்க் குப்பையின் ஈரமும் வெப்பமும் எவ்வளவு? அதை அளந்து, அதற்கேற்ப அழித்தட்டை வடித்தவர் யார்? நுண்சாம்பல் எங்கே செல்லும்? இம்மூன்றுக்கும் விடை, ஊரார் படிக்கும் தமிழில், எழுத்தில் வரும்வரை எந்தத் தாளிலும் கைச்சாத்திட விடாதீர்கள்.

கதிரவனை உலையாக்கிய இனம், அயலான் அடுப்புக்கு விறகாகலாமா?

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் அறிவு!