மறைக்கும் முன் முகத்தைப் பாருங்கள்



ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய் பேரங்காடியின் ஒப்பனைப் பிரிவுக்குப் போகிறார். அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம். “முகத்துக்கு நல்லதா ஏதாச்சும் கொடும்மா” என்று கேட்கிறார். விற்பனைப் பெண் அவருடைய தோலைப் பார்ப்பதில்லை. வயதை மட்டும் கணக்குப் போடுகிறார். “ஆன்ட்டி, இந்தப் பிரைமர் போட்டா சுருக்கமே தெரியாது” என்று ஒரு சிறு குப்பியை நீட்டுகிறார். நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய அந்தக் களிம்பு, பூசிய அரை மணி நேரத்தில் கன்னத்தில் திரிதிரியாக உருள்கிறது. இல்லாத கோடுகளையும் எடுத்துக் காட்டுகிறது. “வயசாயிடுச்சி, இனி நமக்கு எதுக்கு மேக்கப்” என்று அவர் குப்பியை மூலையில் வைத்துவிடுகிறார்.

இதில் குற்றம் யாருடையது? பிரைமர் கெட்ட பொருள் அல்ல. அந்தத் தாயின் வயதும் குற்றமல்ல. தோலைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பொருள் வாங்கியதுதான் தவறு. வயது முதிர்ந்த தோலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, எதை ஒதுக்குவது, எதை மறைக்கவே கூடாது என்பதைப் பார்ப்போம்.

முதலில் தோலில் என்ன நடக்கிறது? தோலுக்கு உறுதியைக் கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். மாதவிடாய் நின்றபின் வரும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு பெண்ணின் தோல் ஏறத்தாழ 30 விழுக்காடு கொலாஜனை இழக்கிறது என்று தோல் மருத்துவர்கள் கூறுகின்றனர். எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. தோல் மெலிகிறது, வறள்கிறது. இருபது வயதில் கைகொடுத்த அதே பவுடரும் அதே பவுண்டேஷனும் ஐம்பதில் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

பிரைமர் என்பது சுவருக்குச் சாயம் அடிக்கும் முன் பூசும் அடிப்பூச்சைப் போன்றது. சுவரின் சிறு குழிகளை அது நிரப்பும், விரிசலைச் சரிசெய்யாது. அதுபோலவே பிரைமரும் நுண்ணிய கோடுகளையும் துவாரங்களையும் சிறிது நேரத்துக்குச் சமப்படுத்தும். இரவில் முகம் கழுவியதும் அதன் வேலை முடிந்துவிடும். ‘இதைப் போட்டால் சுருக்கம் நிரந்தரமாகப் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் பிரைமர்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சிலிக்கோன் வகை. பொருளடக்கப் பட்டியலின் தொடக்கத்திலேயே டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் போன்ற பெயர்கள் இருந்தால் அது இந்த வகை. தொட்டால் பட்டுப்போல் வழுக்கும். கோடுகளை நிரப்புவதில் இதுவே கெட்டிக்காரத்தனம் காட்டும். மற்றொன்று, நீர் வகை. தண்ணீர், கிளிசரின், ஹையலுரோனிக் அமிலம் ஆகியவை இதில் முன்னே நிற்கும். இது தோலின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பட்டியலில் முதலில் இருக்கும் பொருளே அளவில் அதிகம் என்பதை நினைவில் கொண்டால், விளம்பரத்தைக் கேட்டு ஏமாறத் தேவையில்லை.

எது யாருக்கு? முகம் கழுவி, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் பொறுத்துக் கண்ணாடியைப் பாருங்கள். முகம் முழுவதும் இழுத்துப் பிடித்தால் நீர் வகையே நல்லது. கன்னம் வறண்டு, நெற்றியும் மூக்கும் பளபளத்தால் கன்னத்துக்கு நீர் வகை, மூக்கின் ஓரத்துக்கும் நெற்றிக்கும் மட்டும் சிறிது சிலிக்கோன் வகை போதும். நம் நாட்டின் வெப்பத்தில் பல பெண்களின் முகம் இந்த இரண்டாவது ரகம்தான். ‘மேட்’ என்று எழுதியிருக்கும் பிரைமர்கள் எண்ணெயை உறிஞ்சுபவை. ஏற்கெனவே எண்ணெய் குறைந்த தோலில் அவற்றைப் பூசினால் காய்ந்த மண்தரைபோல் வெடித்துத் தெரியும். மினுமினுப்புத் துகள் நிறைந்தவையும் ஆபத்துதான். மேடான கன்ன எலும்பில் அவை அழகு. கண்ணோரச் சுருக்கத்தில் பட்டால் ஒவ்வொரு கோட்டையும் விளக்குப் போட்டுக் காட்டும்.

அளவும் முக்கியம். முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். தேய்க்காமல் விரல் நுனியால் ஒற்றி எடுங்கள். பூசிய உடனே பவுண்டேஷனுக்குப் போகாமல் சில நிமிடம் விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அவசரமாகப் பூசுவதும், அளவு மிஞ்சுவதும்தான் களிம்பு திரிதிரியாக உருள்வதற்குப் பெரும்பாலும் காரணம். நீர் வகைப் பிரைமர்மேல் கனமான சிலிக்கோன் பவுண்டேஷன் போட்டாலும், அல்லது அதற்கு மாறாகச் செய்தாலும், இரண்டும் ஒட்டாமல் விலகிப் போகலாம். கூடியவரை ஒரே வகையை ஒரே வகையோடு சேருங்கள்.

ஆனால் பிரைமருக்கு முன் செய்யவேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. கையில் இருக்கும் பணம் ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால், பிரைமரை விட்டுவிட்டு இவற்றை வாங்குங்கள். முதலாவது, ஈரப்பதம் தரும் மாய்ஸ்சரைசர். முகம் கழுவிய ஈரம் காயும் முன்னே இதைப் பூசவேண்டும். நன்றாக ஈரம் ஏறிய தோலில் பாதிக் கோடுகள் தாமாகவே தணிந்து தெரியும்.

இரண்டாவது, வெயில் காப்புக் களிம்பாகிய சன்ஸ்கிரீன். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நம் நாட்டில் நண்பகலில் புறஊதாக் கதிர் அளவு அடிக்கடி 11ஐத் தொடுகிறது. உலக அளவுகோலில் அது உச்சநிலை. எஸ்பிஎஃப் 30 உள்ள களிம்பு, தோலைச் சுடும் யுவி-பி கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்திலும் கழுத்திலும் பூசினால்தான் அந்தப் பலன் கிடைக்கும். ‘பிரைமரிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே’ என்று பலர் கேட்கிறார்கள். பட்டாணி அளவு பூசும் பிரைமர் அந்தப் பாதுகாப்பைத் தராது.

நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. மங்கு எனப்படும் கருந்திட்டுகளை வெயிலின் புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதிகப்படுத்துகிறது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் அந்த ஒளியையும் தடுக்கிறது. மங்கு உள்ளவர்கள் வெள்ளைக் களிம்பைவிட இந்த நிறமுள்ள வகையைத் தேடுவது நல்லது. முகத்தில் சாம்பல் பூத்ததுபோன்ற தோற்றமும் வராது.

சாம்பல் பூத்த முகம்! நம் திருமணப் படங்களில் எத்தனை தாய்மார்களின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக இருக்கிறது? முகத்தை இரண்டு படி வெளுப்பாக்குவதே ஒப்பனை என்ற எண்ணத்தின் விளைவு அது. பவுண்டேஷனைப் புறங்கையில் பூசிப் பார்த்து வாங்காதீர்கள். தாடை ஓரத்தில் பூசி, கடையின் மஞ்சள் விளக்கை விட்டு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். முகத்தோடும் கழுத்தோடும் கரைந்து காணாமல் போகும் நிறம் எதுவோ அதுதான் உங்கள் நிறம். கண்ணுக்குக் கீழே கருமை இருந்தால் வெளுப்பு நிறத்தைக் கொண்டு மூடாமல், ஆரஞ்சு சாயல் உள்ள திருத்தியை மெல்லியதாக ஒற்றுங்கள். ஊதா, வெள்ளை நிறப் பிரைமர்கள் மாநிறத்தைச் சாம்பலாக்கும். பவுடரை நெற்றியோடும் மூக்கோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். திருமணத்துக்கு முன்பே ஒருநாள் முழு ஒப்பனையோடு ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். சில வெண்ணிற நுண்பவுடர்கள் அந்த வெளிச்சத்தில்தான் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும்.

புதுப்பொருள் எதையும் விசேஷ நாளில் முதன்முதலாகப் பூசக்கூடாது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள்வரை பூசிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம்.

இனி, மறைக்கவே கூடாதவை. தாய்மார்கள் இதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

நெற்றியில் ஒட்டுப் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பு வந்து, பிறகு வெள்ளையாகச் சிலருக்குத் தடம் விழுவதுண்டு. பொட்டின் பசையில் இருக்கும் சில இரசாயனங்கள் தோலின் நிறமியைக் கெடுப்பதால் வருவது அது. அதன்மேல் பிரைமர் பூசி, இன்னும் பெரிய பொட்டு வைத்து மறைத்தால் தடம் பரவும். ஒட்டுப் பொட்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் சில நேரம் நெற்றி ஓரத்திலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணிபோல் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். ‘சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை’ என்று வீட்டில் பேச்சு வாங்குபவர்களும் உண்டு. அது அழுக்கல்ல. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. கழுத்துக் கருமைக்கு மேட்சான பவுண்டேஷன் தேடும் முன், அருகில் உள்ள கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். பல வெள்ளி செலவழித்து மறைப்பதைவிட, ஒரு துளி இரத்தம் சொல்லும் உண்மை மேலானது.

கடைசியாக, ‘ஏழே நாளில் வெள்ளை’ என்று இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் களிம்புகள். மங்கும் மறையும், பிரைமரே தேவைப்படாது என்று சொல்லி விற்கிறார்கள். இப்படிப்பட்ட சில களிம்புகளில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவை கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து அறிவித்து வருகின்றனர். பாதரசம் தோலை வெளுக்கச் செய்வது உண்மைதான். கூடவே சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூசியவரின் கையிலிருந்தும் துவாலையிலிருந்தும் அது மடியில் தவழும் பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேரும். பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025ஆம் ஆண்டோடு முற்றாக நிறுத்தவேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. அந்த அளவுக்கு அது கொடியது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. மலேசியாவில் 2008 முதல் எந்த ஒப்பனைப் பொருளும் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்ட பிறகே விற்கப்பட வேண்டும். ‘என்ஓடி’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் எண் அதற்கு வழங்கப்படும். அந்த எண்ணை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். எண் இருப்பதால் மட்டும் பொருள் உயர்ந்தது என்று பொருளல்ல. விற்பனைக்கு முன் ஒவ்வொன்றும் சோதிக்கப்படுவதில்லை. ஆனால் எண்ணே இல்லாத பொருளை, முத்திரையும் முகவரியும் இல்லாத டப்பாவை, யார் சொன்னாலும் வாங்காதீர்கள். பல மாதங்களாக அப்படி ஒன்றைப் பூசி வருபவர்கள் வெட்கப்படாமல் அந்த டப்பாவோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

தாய்மார்களே, ஐம்பதிலும் அறுபதிலும் அழகாக உடுத்தி, பூ வைத்து, பொட்டிட்டு, முகத்துக்கு மெல்லிய ஒப்பனை செய்துகொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ‘இந்த வயசுல இது தேவையா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன், தோலுக்கேற்ற ஒரு பிரைமர், கழுத்தோடு பொருந்தும் ஒரு பவுண்டேஷன், இரவில் இவற்றையெல்லாம் மென்மையாகத் துடைத்தெடுக்க ஓர் ஒப்பனை நீக்கி. இந்த ஐந்தே பொருள் போதும். அதற்கு முன் நாளுக்கு ஒருமுறை, எதுவும் பூசாத முகத்தைப் பகல் வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் பாருங்கள். குடும்பத்தில் எல்லாருடைய முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கவனிக்கும் நீங்கள், உங்கள் முகம் உங்களிடம் சொல்ல நினைப்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.