உலகின் மிகப் பெரிய பூங்கொத்து



உலகில் மிகப் பெரிய மலர் எது என்று வினவினால், சுமத்திராக் காடுகளில் பூக்கும் ரப்ளீசியாவைச் சொல்வர். ஒற்றைப் பூவே ஒரு மீட்டர் அகலம் விரியும். கிளைவிடாத பூங்கொத்துகளுள் பெரியதும் அத்தீவினதே. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த செடியொன்று அதனைத் தாங்குகிறது. ஆயினும், கிளைத்துப் படரும் பூங்கொத்துகளுள் முதலிடம் பெற்ற மரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. நாம் தாளிப்பனை என்றும், மலையாளத்தார் குடப்பனை என்றும் வழங்கும் மரம் அது.

இம்மரம் 25 மீட்டர் வரை உயரும். விசிறி போன்ற ஓலை 5 மீட்டர் குறுக்களவு வரை விரிவதுண்டு. ஓர் ஓலையின் கீழ் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்று, இலங்கையில் நெடுநாள் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். உச்சியில் எழும் பூங்கொத்தோ 6 முதல் 8 மீட்டர் உயரமுடையது. அதில் பல பத்து இலட்சம் சிறு பூக்கள் மலர்கின்றன.

இப்பெருமைக்கு மரம் கொடுக்கும் விலைதான் வியப்புக்குரியது. 30 முதல் 80 ஆண்டுகள் வரை அது பூப்பதே இல்லை. அக்காலமெல்லாம் அடிமரத்தின் சோற்றில் மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. பின்னர் அச்சேமிப்பு முழுவதையும் ஒரே முறை பூப்பதில் செலவிட்டுவிடுகிறது. காய்கள் முற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஆயிரக்கணக்கான காய்கள் உதிர்ந்ததும் மரம் பட்டுப்போகிறது. வாழையும் குலை ஈன்று மடிவதே. ஆனால் அதற்குப் பக்கக்கன்று உண்டு. தாளிப்பனைக்கு விதையன்றி வேறு வழியில்லை.

இம்மரத்தை ஐரோப்பியருக்கு விரிவாக எடுத்துக்காட்டிய நூல், நான் வாழும் மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சிக் கோட்டையில் உருவாயிற்று. டச்சுக் கம்பெனியின் மலையாளப் பகுதித் தலைவராக இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' அது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 1682-இல் வந்த மூன்றாம் தொகுதி குடப்பனையைக் கொண்டே தொடங்குகிறது. அதற்கென 12 படங்கள் உள்ளன. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளி வைத்தியர் இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொன்னவற்றைக் கம்பெனியின் துபாஷி இம்மானுவேல் கார்னேரோ போர்த்துக்கீசியத்தில் பெயர்த்தார்; பின்னர் அது லத்தீனாயிற்று. மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கு அந்தத் துபாஷியின்மீது தனிப் பரிவு உண்டு. 1753-இல் லின்னேயஸ் இம்மரத்துக்கு இட்ட லத்தீன் பெயரிலும், குடை தாங்குவது என்னும் பொருள் நின்றுவிட்டது.

குடையாகவும் கூரையாகவும் மட்டுமன்றி, ஏடாகவும் இவ்வோலை பயன்பட்டது. தமிழ்நாட்டுச் சுவடிகளிலும் பனையோலையோடு இதுவும் கலந்திருக்கும், சீதாளம் என்பர். பனையோலையினும் மென்மையானது, அகலமானது. துணிக்குடையும் காகிதமும் வந்தபின் இதனை நட்டு வளர்ப்பதற்குக் காரணம் குறைந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் காய்க்கும் தென்னைக்கு இடம் விடுவோர், அறுபதாண்டு காத்திருந்து ஒருமுறை பூக்கும் மரத்துக்கு இடம் விடுவரோ? விதை ஆயிரமாயிரம் உதிர்ந்தும், அது ஊன்ற ஒரு முழ நிலம் கிடைப்பதே அரிதாயின், பெரும்பூவால் யாது பயன்?

வேற்று நிலத்திலும் இது தழைக்கும். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில், பிளமெங்கோ பூங்காவை வகுத்த ரொபெர்ட்டோ பூர்லே மார்க்ஸ் 1960-களில் இம்மரங்களை அங்கே நடச்செய்தார். அவர் 1994-இல் மறைந்தார். அம்மரங்கள் 2025-ஆம் ஆண்டின் இறுதியில் பூத்தன. நகர மக்கள் திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தனர்.