நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு பாலிசி பத்திரம்



ஆனைகட்டியில் பஸ் ஏறி, மாங்கரை, தடாகம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலை தேடிப் போகிற பட்டதாரிப் பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறேன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியிலிருந்து வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். இன்சூரன்ஸ் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதை ஒரு கலை என்றே சொல்வேன். ஆனால் இன்று அதைச் சொல்லித்தருகிற விதத்தில் எனக்குக் குறை உண்டு.

பயிற்சி வகுப்புகளில் சட்டையை இஸ்திரி போடச் சொல்கிறார்கள், நிமிர்ந்து உட்காரச் சொல்கிறார்கள். நல்லதுதான், பயம் தெளியும். ஆனால் உன் பலவீனம் என்ன என்று கேட்டால் ‘அளவுக்கு மீறி உழைப்பது’ என்று சொல்ல வைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எதிரே இருப்பவர் அன்று காலையிலிருந்து அதே பதிலைப் பத்துப் பேரிடம் கேட்டிருப்பார்.

எல்.ஐ.சி.யின் உதவி நிர்வாக அதிகாரி தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்நிலைத் தேர்வு மதிப்பெண் இறுதிப் பட்டியலுக்குச் சேராது. முதன்மைத் தேர்வுக்கு 300, நேர்முகத்துக்கு 60. அந்த 60-ஐ மனப்பாடத்தில் வாங்கிவிட முடியாது. தனியார் கம்பெனிகளிலோ பல வேலைகளுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, பேச்சை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

அப்படியானால் எதைப் படிப்பது? ஒரு பாலிசி பத்திரத்தை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களில் அதை முழுசாகப் படித்தவர்கள் மிகக் குறைவு என்பது என் கணிப்பு. பிரீமியம் கட்டத் தவறினால் எத்தனை நாள் சலுகை, லேப்ஸ் ஆன பாலிசியை எப்படிப் புதுப்பிப்பது, எதற்கெல்லாம் கிளைம் கிடைக்காது என எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரு கேள்வி வரலாம்: சர்க்கரை நோயை மறைத்து ஆயுள் பாலிசி எடுத்தவர் நாலு வருஷம் கழித்து இறந்துவிட்டார், பணம் கொடுப்பீர்களா? ‘பொய் சொன்னவருக்குக் கிடையாது’ என்பதுதான் சட்டென்று வாயில் வரும் பதில். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. மூன்று ஆண்டு கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மருத்துவக் காப்பீட்டில் அது 5 ஆண்டு, அங்கே மோசடி நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. இந்த வித்தியாசத்தைத் தடுமாறாமல் சொல்கிற பிள்ளையை எந்த அதிகாரியும் நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்து, உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். மலை, அருவி, குளிர் காற்று என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அது சுற்றுலாத் துறை வேலைக்கு. இன்சூரன்ஸ்காரன் கண்ணால் ஆனைகட்டியைப் பாருங்கள். பாம்பு கடிக்கிற ஊர், மரம் ஏறி விழுகிற ஊர், யானை இறங்குகிற ஊர். பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். சாலை விபத்துக்குப் போலீஸில் புகார் பதிந்திருக்க வேண்டும். பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுந்ததற்கும் உடனே ஆஸ்பத்திரியில் பதிவான சீட்டு வேண்டும். மந்திரிக்கப் போய் நேரம் கடத்தினால் உயிரும் போகும், கிளைமும் சிக்கலாகும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்களிடம் பலவீனத்தைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

யானை மிதித்த வாழைத் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பயிர்க் காப்பீட்டில் காட்டு விலங்குச் சேதத்தை 2026 காரிஃப் பருவத்திலிருந்து சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லையில் பிறந்தவருக்கு இரண்டு மாநிலத்து நிலவரமும் தெரிந்திருந்தால் அது தனி பலம்.

தமிழ், மலையாளம், சிலருக்கு இருள மொழி என்று இங்கே பிள்ளைகள் சரளமாகப் பேசுகிறார்கள். அதை விண்ணப்பத்தில் ஒரு வரியில் புதைத்துவிட்டு, இங்கிலீஷ் வரவில்லையே என்று கலங்குகிறார்கள். கிளைம் படிவத்தோடு அழுதுகொண்டு நிற்கும் ஒருத்திக்கு அவள் மொழியில் விளக்கத் தெரிந்த ஆள்தான் கிளை அலுவலகத்துக்கு வேண்டும். ஆங்கிலம் ஆறு மாதத்தில் பழகிவிடும்.

இன்னொன்றும் கேட்பார்கள்: இந்த மாத இலக்கை முடிக்க, தேவையில்லாத பாலிசியை ஒருவர் தலையில் கட்டுவீர்களா? ‘கட்டமாட்டேன்’ என்று மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான். பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, அதை நானே அவரிடம் சொல்வேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் வேலை தராத கம்பெனி என்றால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

இன்று ராத்திரி பீரோவிலிருந்து அப்பாவின் பாலிசி பத்திரத்தை எடுங்கள். அதில் உள்ளதை உங்கள் பாட்டிக்கு விளங்குகிற மாதிரி சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அப்படியே நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.