மருந்தால் மாறும் மேனி நிறம்

(விருத்தாசலத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையே ஆற்றிய உரை)



தொழுநோய்க்கு மருந்துண்ணும் சிலரின் மேனி, சில மாதங்களில் செம்மை படர்ந்து, பின்னர்க் கருக்கத் தொடங்குகிறது. அண்டை வீட்டார், "நோய் முற்றிவிட்டது" என்கின்றனர். நோயாளியும் அஞ்சி மருந்தை நிறுத்திவிடுகிறார். இதனால் விளையும் கேடு பெரிது. ஆகவேதான் இதனை இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

இந்நிறம் நோயால் வருவதன்று. குளோபசிமின் என்னும் மருந்தால் வருவது. அது இயல்பிலேயே ஒரு செந்நிறச் சாயப்பொருள். அயர்லாந்தின் டப்ளின் நகரில் வின்சென்ட் பாரி என்பாரும் அவர்தம் குழுவினரும் 1950-களில் காசநோய்க்கு மருந்து தேடியபோது கண்டது. தொழுநோய்க்குக் கை கொடுத்தது. மருந்து உடலின் கொழுப்பிலும் தோலிலும் தங்குகிறது. வெயில் படும் முகம், கைகளில் நிறம் மிகுதியாகத் தெரியும். நோய்த் தேமல்கள் இன்னும் கருக்கும். வியர்வையும் நிறம் மாறக்கூடும். சூளையிலிட்ட மண் நிறம் மாறுவதைக் கண்டு பாண்டம் கெட்டதென்று நம்மூரார் எவரும் சொல்வதில்லை அல்லவா?

முன்னர் டாப்சோன் ஒன்றையே நெடுங்காலம் கொடுத்து வந்தனர். கிருமிகள் அதனை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டன. எனவே 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ரிபாம்பிசின், டாப்சோன், குளோபசிமின் மூன்றையும் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. கிருமி மிகுந்த வகையினருக்கு 12 மாத மருந்து. 28 நாட்களுக்கு ஓர் அட்டை. மாதம் ஒருமுறை உண்ணும் ரிபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும். அது இரத்தமன்று, விரைவில் தெளியும். மேனிக் கருமையோ மெதுவாகவே போகும். மருந்து முடிந்து பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எனினும் பெரும்பாலோருக்கு மங்கி மறையும்.

இடையில் நிறுத்தினால் நடப்பது என்ன? கிருமி மீண்டும் தலையெடுக்கும், நரம்பு பழுதுபடும், கை கால் மரத்துப்போகும். நமது பீங்கான் தொழிற்கூடங்களில் சூடான தட்டைத் தொடும் தொழிலாளிக்கு உணர்ச்சியற்ற கை எத்துணை ஆபத்தானது! வெந்த பிறகே புண்ணைக் காண்பார். வெறுங்காலுடன் வயலில் இறங்கும் விவசாயிக்கு முள் தைத்ததும் தெரியாது.

கூட்டு மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. ஆதலால் மேனி கறுத்தவரைக் கிணற்றடியிலிருந்தும் தேநீர்க் கடையிலிருந்தும் விலக்குவதற்கு நியாயமே இல்லை. தொழுநோயாளரை ஒதுக்கி அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டமும் 2016-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஊர்வாய்தான் இன்னும் அடங்கவில்லை!

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். கண் மஞ்சளித்தாலோ, காய்ச்சலுடன் உடலெங்கும் தடிப்பு எழுந்தாலோ, அது வெறும் நிறமாற்றமன்று. அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். தோல் வறண்டு செதிலாவதற்கோ, தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். உங்கள் வார்டில் மருந்துண்பவர் எவரேனும் முகம் மறைத்து வீட்டிற்குள் இருந்தால், கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். அவரது அட்டையில் எத்தனை மாத்திரை மீந்துள்ளது என்று செவிலியர் பார்த்துச் சொல்வார்.