கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி

தெமியாங் பக்கத்துத் தாய்மார்களே! அக்டோபர் 31 வந்தால் பேரங்காடிகளில் பூசணிக்காய்க்குக் கண்ணும் பல்லும் செதுக்கி 'ஹாலோவீன்' என்கிறார்கள். பேய்க்கூத்தாகத் தெரிகிறது. பெயரின் பொருளோ, புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்திய மாலை.

நவம்பர் 1 புனிதர்களுக்கு. மறுநாள் இறந்தோர் எல்லாருக்கும். நம் கத்தோலிக்கர் மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அதுவே. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு நம் ஜெபம் உதவும் என்பது அவர்கள் விசுவாசம். அப்படி ஒரு ஸ்தலமே இல்லை என்பது லுத்தரன் சபைப் போதனை. இறந்தோர் பெயரிலும் பாவமன்னிப்புச் சீட்டு விற்கப்பட்டதை மார்ட்டின் லூதர் எதிர்த்ததும் ஓர் அக்டோபர் 31-இல்தான், ஆண்டு 1517.

ஆகவே லுத்தரன் வீட்டிலிருந்து வந்த மருமகள், மாமனார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றத் தயங்கினால் அது மரியாதைக் குறைவு அன்று. (பேரப்பிள்ளை பூசணி கேட்டு அழுவது வேறு வழக்கு!) "புல்லைச் செதுக்கிப் பூ வைக்கிறேன், அத்தை" என்றால் மண்வெட்டியைக் கொடுங்கள், மெழுகுவர்த்தியை நீங்கள் ஏற்றுங்கள்.